நயினார் போடாத கையெழுத்து

1884 செப்டம்பர் 3, புதன்

காலேஜில் பி.ஏ.வுக்கு முந்தின எஃப்.ஏ. வகுப்பில் இருக்கிற ஒவ்வொருவனும் தினமும் டைரி எழுத வேண்டும் என்று புதிய பிரின்ஸ்பால் டென்பி துரை உத்தரவு போட்டிருக்கிறார். இங்கிலீஷ் வசப்படுமாம். இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், சாப்பிட்டேன் என்பதற்கு மேல் என் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்கவில்லை போலிருந்தது. தமிழில் எழுதினால்தான் என் மேல் எனக்கே ஒரு சுவாரசியம் வருகிறது. ஆகவே துரைக்கு ஒரு டைரி, எனக்கு ஒரு டைரி.

பிற்காலத்தில் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்காக: நான் பிறவிப்பெருமாள். வயது பத்தொன்பது. திருநெல்வேலியில் சிவகாமி அக்கா வீட்டில் இருந்து படிக்கிறேன். அத்தான் கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டில் அக்கா பேசுவாள், அத்தான் கேட்பார். அப்பா ஊரில் வாழைத் தோட்டத்தோடு இருக்கிறார். போன வருஷமே நான் தேறியிருக்க வேண்டியது, கேள்வித்தாள் சரியில்லை. இந்த முறையும் தவறினால் நேரே தோட்டத்துக்கு வந்து மண்வெட்டியைத் தூக்கு என்று அப்பா எழுதிவிட்டார். எனக்கு மண்வெட்டி சரிப்படாது. என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை ஒப்புக்கொள்வார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று நயினார் எங்கள் வீட்டில் சாப்பிடுகிற நாள். ஆறுமுகநயினார் என்று முழுப்பெயர். என் வகுப்பு, என் பெஞ்சு, எனக்கு இடது பக்கம். தகப்பனார் இல்லை. தாயார் களக்காட்டுப் பக்கம் யார் வீட்டிலோ சமையல் வேலை. இவனுக்கு இங்கே வாரச் சாப்பாடு. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் எங்கள் வீடு என்று கிழமைக்கொரு வீட்டில் இலை. வெள்ளிக்கிழமை மட்டும் எங்கும் சாப்பிடுவதில்லை. விரதமாம். படிப்பும் பக்தியும் ஒருவனிடமே இப்படிக் குவிந்து கிடந்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

கணக்கில் அவன்தான் வகுப்பில் முதல். சாப்பிடும்போது தலை நிமிரமாட்டான். அக்கா இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் போதும் என்பான், இலையை மட்டும் மூடமாட்டான். அக்காவும் அவன் வாயைக் கேட்பதில்லை, இலையைத்தான் கேட்கிறாள்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று ஒரு புதுமை. டிசம்பரில் நடக்கிற எஃப்.ஏ. பரீட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று பொறுக்கியெடுக்க அக்டோபர் முதல் தேதி தேர்வு வைக்கிறார்கள். இதில் தேறியவன் பெயர்தான் சென்னைப் பட்டணத்துக்குப் போகும். அந்தத் தேர்வில் மேற்பார்வைக்கு ஒரு வாத்தியாரும் இருக்கமாட்டார் என்று டென்பி துரை சொன்னார்! "உங்களுக்குக் காவல் உங்கள் மானம்" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழ்ப் பண்டிதர் அப்படி மொழிபெயர்த்தார். ஒவ்வொருவனும் தாளின் அடியில், "யாரிடமும் உதவி பெறவில்லை, யாருக்கும் உதவி செய்யவில்லை, இது என் மானத்தின் மேல் ஆணை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாத தாள் செல்லாது.

துரை போனதும் மாமரத்தடியில் பெரிய சபை கூடியது. குற்றாலம் என்று ஒரு தென்காசிப் பையன், அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"ஏடே, கர்ப்பூரம் அணைக்காம ஒரு சத்தியமா? கோயில்ல வச்சு, சாமி முன்னால, எரியுத கர்ப்பூரத்த அணைச்சாத்தானடே சத்தியம். மையில எழுதுனா அது வெறும் எழுத்து."

எல்லோரும் ஆமாம் என்றோம். நானும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். நயினார் மட்டும், "கர்ப்பூரமோ மையோ, சொன்ன வாய் ஒண்ணுதானடே" என்றான். இவனுக்கு எதையும் லேசாக எடுத்துக்கொள்ளவே தெரியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

சரஸ்வதி பூஜை. புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்திச் சந்தனம் வைத்தாயிற்று. இன்று படித்தால் தோஷம். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது இப்படி ஒரு தடை வந்ததில் எனக்கு மிகவும் வருத்தம். சுண்டல் நன்றாக இருந்தது.

யூக்ளிட் என்கிற ஜியாமெட்ரிப் புத்தகத்தை நான் வியாழக்கிழமையே பூஜையில் வைத்துவிட்டேன். பக்தி விஷயத்தில் கடைசி நிமிஷம் வரை காத்திருப்பது தவறு.

அக்டோபர் 1, புதன்

காலையில் யூக்ளிட். துரை கேள்வித்தாளைக் கொடுத்தார், சிரித்தார், போயே போய்விட்டார். நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு பார்க்கக்கூடாதே என்று நினைவு வந்து தாளைப் பார்த்தோம்.

எனக்கு நேற்றிலிருந்தே கழுத்துப் பிடிப்பு. இடது பக்கம் திருப்பி வைத்தால்தான் கொஞ்சம் சுகம். பார்ப்பது கண்ணின் தொழில். கண்ணைக் கழற்றிச் சட்டைப் பையில் போட முடியாது.

தேர்வு முடிந்ததும் அந்த மானத்து வாக்கியத்தை எழுதி, பெயரைப் போட்டு, அடியில் கொடி போல ஒரு சுழிப்பும் சுழித்தேன். நாற்பது தாளிலும் என் கையெழுத்துதான் அழகாக இருந்திருக்கும்.

சாயங்காலம் கழுத்துப் பிடிப்பு விட்டுவிட்டது. அக்கா நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து, "எந்தப் பக்கம்லே?" என்றாள். வலது பக்கம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நயினார் வந்தான், சாப்பிட்டான், போனான். மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவனுக்கு யூக்ளிட் சரியாக வரவில்லையோ? எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

அக்டோபர் 11, சனி

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். நான் தேறிவிட்டேன்! யூக்ளிடில் நூற்றுக்கு அறுபத்திரண்டு. அப்பாவுக்கு இன்றே கடிதம் எழுத வேண்டும். மண்வெட்டியை வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

நயினார் பெயர் பட்டியலில் இல்லை. யூக்ளிட் தாளில் அவன் கையெழுத்துப் போடவில்லையாம். மற்ற தாள்களில் எல்லாம் போட்டிருக்கிறான், இதில் மட்டும் அடியில் வெறுமை. துரை கூப்பிட்டுக் கேட்டாராம். மறந்துவிட்டாயா என்றதற்கு இல்லை என்றானாம். இப்போது போடுகிறாயா என்றதற்கும் இல்லை. யாரைப் பார்த்து எழுதினாய் என்றதற்கு வாயே திறக்கவில்லையாம். இருபத்தைந்தாம் தேதி பெயர்ப் பட்டியல் சென்னைக்குப் போகிறது. அதற்குள் விளக்கம் சொல்லாவிட்டால் இந்த வருஷம் அவனுக்குப் பரீட்சை கிடையாது. அடுத்த வருஷம் என்பது அவனுக்கு ஏது? அவன் தாயார் இன்னொரு வருஷம் எப்படித் தள்ளுவாள்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கையெழுத்து! மையும் பேனாவும் கையில் இருக்கும்போது போட்டுத் தொலைக்க என்ன கேடு இவனுக்கு?

அப்பாவுக்குக் கடிதம் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஊர் வாய்க்கு மூடி கிடையாது. நயினார் திருட்டுத்தனமாகப் பரீட்சை எழுதிப் பிடிபட்டான் என்று பேச்சு பரவிவிட்டது. வாரச் சாப்பாட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன. திங்கள்கிழமை வீட்டில் திடீரென்று ஊருக்குப் போகிறார்களாம். புதன் வீட்டு ஆச்சிக்கு முதுகுவலியாம். அக்கா இதையெல்லாம் கோயிலில் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இன்று இலையில் உட்கார்ந்ததும் அக்கா நேராகவே கேட்டாள்.

"நேத்து எங்க சாப்பிட்ட நயினாரு?"

"விரதம்க்கா."

"நாளைக்கு?"

"நாளைக்கும்..."

"வெள்ளிக்கிழம விரதம்னு சொன்ன, சரின்னு இருந்தேன். இப்ப திங்களும் புதனும் வியாழனுமா? எந்தச் சாமிடே அது, இத்தன பட்டினி கேக்கு? அந்த வெள்ளிக்கிழமையும் பொய்தான? வீடு கெடைக்கல, அதான?"

அவன் குனிந்துகொண்டான். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் அவனைச் சாமியார் என்று கேலி செய்து வந்தவன் நான்தான்.

"யாரப் பாத்து எழுதுன? சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"யாரையும் பாக்கலக்கா."

"பொறவு ஏன் கையெழுத்துப் போடல?"

"யாருக்கும் உதவி செய்யலன்னு அதுல எழுதணும்க்கா. என்னால எழுத முடியல."

அக்கா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் ரசம் கேட்டேன். அவள் எனக்கு ரசம் ஊற்றவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கழுத்து வலிக்கிறது. இது நிஜமான வலி.

அக்டோபர் 18, சனி

தீபாவளி. அக்கா நயினாருக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசலைப் பார்த்தாள். அவன் வரவில்லை. அதிரசம் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நான்கு தின்றேன். ஆனால் ருசி தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

மூன்று நாளாக ஒரு வாசகம் தயார் செய்து, "மகாகனம் பொருந்திய ஐயா, தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது" என்று இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுக்கொண்டு துரை அறைக்குப் போனேன். துரை தலை நிமிர்ந்து, "என்ன வேண்டும்?" என்றார். வயிற்றுவலி, அரை நாள் லீவு வேண்டும் என்றேன். கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 21, செவ்வாய்

இனி மறைத்துப் பயன் இல்லை. எனக்கு நானே எழுதுகிற டைரியில் யாருக்குப் பயப்படுகிறேன்? யூக்ளிட் நாலாம் புத்தகத்துப் பத்தாவது கணக்கில் பெரிய வட்டத்தைப் போட்டுவிட்டு நின்றேன். உள்ளே சின்ன வட்டம் ஒன்று வரும், அது எங்கே எப்படி வரும் என்று மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்பதும் பொய், படிக்கவே இல்லை. இடது பக்கம் பார்த்தேன். நயினார் அதைக் கண்டுகொண்டான். தாளை இழுத்து மூடிவிடுவான் என்று நினைத்தேன். அவன் தாளின் மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டான். சின்ன வட்டம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கப்புறம் வந்த இரண்டு கணக்கையும் முழுசாகப் பார்த்தே எழுதினேன்.

இன்று சாப்பாடு முடிந்ததும் அவனை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன்.

"ஏண்டே கைய எடுத்த? மூடியிருக்கலாம்லா?"

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"செவ்வாக்கெழமச் சோறு, பெருமாளு. ரெண்டு வருசமா ஒங்க அக்கா கையால தின்னுருக்கேன். அந்த வீட்டுப் பிள்ள வந்து பாத்தா, நான் எப்படிடே மூடுவேன்?"

"அப்பம் சாப்பாட்டுக்குக் கூலியா?"

"என்னன்னு வேணாலும் வச்சுக்கோ."

எனக்குச் சுருக்கென்றது. சிநேகிதத்தால் காட்டினான் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்! அதில் உள்ளூர எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அக்காவின் சோற்றுக்கு நன்றி சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். அந்த நன்றியை அவள் தட்டிலிருந்து நான் எடுத்துத் தின்றிருக்கிறேன்.

"எம் பேர தொரைட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன்னக் காட்டிக்குடுக்கவா கைய எடுத்தேன்?" என்று எழுந்து வேட்டியைத் தட்டினான். "நீ பாஸாயிட்ட. நல்லாப் படி. சின்ன வட்டத்த மறந்துராத."

கேலி செய்தானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே என்னால் தாங்க முடியவில்லை. வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 22, புதன்

இன்று வாசகம் எதுவும் தயார் செய்யாமல் போனேன். அறைக்குள் நுழைந்ததும், உட்காரச் சொல்வதற்குள், "நயினார் தாளைப் பார்த்து எழுதியவன் நான்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று யோசிக்கவில்லை.

துரை என் தாளைத் தேடி எடுத்தார். அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, "இது உன்னுடையதுதானே?" என்றார். என் கொடிச் சுழிப்பு அங்கே நெளிந்துகொண்டு கிடந்தது. அவ்வளவு அசிங்கமான கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. ஆமாம் என்றேன்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது! எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "சிநேகிதனைக் காப்பாற்றுவதற்காகக் குற்றத்தை உன் தலையில் போட்டுக்கொள்கிறாய். இந்த மானத்தைத்தான் நான் இங்கே தேடினேன். ஆனால் இதை நான் நம்பமாட்டேன், போய்ப் படி" என்றார்.

ஒளிக்காமல் எழுதுகிறேன்: ஒரு நிமிஷம் நான் நம்பிவிட்டேன். நான் அப்படிப்பட்ட உத்தமன்தானோ என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கும்பிட்டு விடைபெற்று வாசல்படி வரை வந்தும்விட்டேன். வெளியே நயினார் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டைக்குள் அவன் பாதியாக இருந்தான். நேற்று எங்கள் வீட்டில் தின்றதோடு சரி. இனி சனிக்கிழமைதான் இலை.

திரும்பி உள்ளே போனேன். "ஐயா, நாலாம் புத்தகத்துப் பத்தாவதை என்னிடம் கேளுங்கள்" என்றேன்.

துரை சாக்பீஸைக் கொடுத்தார். கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டேன். பிறகு நின்றேன். பார்த்து எழுதியது கையோடு போய்விடும் போலிருக்கிறது, தலைக்குள் ஒன்றுமே இல்லை. துரை, "பதறாதே, மூன்று வாரத்துக்கு முன் சரியாக எழுதியிருக்கிறாயே" என்று தைரியம் சொன்னார். ஆரக்கோடு ஒன்று போட்டு அதை முதலில் வெட்டு என்று ஒரு குறிப்புக்கூடக் கொடுத்தார். வெட்டினேன், தப்பான இடத்தில். அடுத்த இரண்டு கணக்கையும் கேட்டார். அவற்றில் பெரிய வட்டம்கூட வரவில்லை. வாசகம் தயாராக இல்லாவிட்டாலும் அறியாமை தயாராக இருந்தது. ஒன்றும் தெரியாமல் நின்று நான் ஜெயித்தது வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான்.

துரை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கோபிப்பார் என்று பார்த்தேன். வருத்தப்பட்டார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பெயரை அவரே பட்டியலில் அடித்து, காலேஜிலிருந்தும் நீக்கினார். நயினாரைக் கூப்பிட்டு, "உதவி செய்ததும் தப்புதான். ஆனால் பொய் எழுத முடியாதவனை நான் தள்ளமாட்டேன். வெள்ளிக்கிழமை வேறு கேள்வித்தாள் தருகிறேன், தனியாக எழுது" என்றார். நயினார் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் எதுவும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றாள். பிறகு தட்டில் சோறு போட்டு, கேட்காமலே ரசம் ஊற்றினாள். "அப்பாட்ட நான் பேசமாட்டேன், நீயே எழுது" என்றும் சொன்னாள்.

அக்டோபர் 23, வியாழன்

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். நான்கு வரி. வாழைக்கு இப்போது மண் அணைக்கிற சமயமா என்று கடைசியில் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் அக்கா நயினார் தங்கியிருக்கிற சத்திரத்துக்கே இட்லி எடுத்துக்கொண்டு போய், எதிரில் உட்கார்ந்து தின்ன வைத்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை விரதம் இன்றோடு முடிந்தது என்று அத்தானிடம் அறிவித்தாள். இனி ஏழு நாளும் இங்கேதான் இலை. அத்தான் கேட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குப் பெரிய ஹாலில் நயினார் ஒருவனாக உட்கார்ந்து எழுதினான். முப்பத்தொன்பது இடம் காலி, மேற்பார்வை இல்லை. டிஸ்மிஸ் கடுதாசி வாங்கிக்கொள்ளப் போன என்னை நிறுத்தி, "ஒரு மணிக்கு நீ போய்த் தாளை வாங்கி வா" என்றார் டென்பி துரை. திருடன் கையில் சாவியைக் கொடுக்கிற மனுஷன். அவருக்குப் பைத்தியமா, பெருந்தன்மையா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

நயினார் எழுதி முடித்திருந்தான். அடியில் வெறுமை.

"மறுபடியுமாலே?"

"இதுல யாருட்டயும் உதவி பெறலன்னு எழுதணும்டே."

"எவன் வந்து ஒனக்கு உதவுனான்? ஹால்ல ஈ காக்கா இல்ல."

"நீ போய்ச் சொல்லலன்னா நான் இங்க உக்காந்து எழுதுவனா? அது உதவி இல்லாம என்ன?"

இப்படி ஒரு பிறவியை இந்தத் தாமிரபரணிக் கரை கண்டிருக்காது. கோபத்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அது உதவி இல்லலே, எடுத்தத எடுத்த எடத்துல வச்சேன், அவ்வளவுதான். போடுலே கையெழுத்த. இல்லன்னா நான் போட்டுருவேன், எனக்குப் பழக்கம்தான்" என்று கத்தினேன். கத்தல் வராந்தா வரை கேட்டு டென்பி துரையே வந்துவிட்டார். என்ன சண்டை என்றார். நயினார் எழுந்து நின்று, கலங்காமல், விஷயத்தைச் சொன்னான்.

துரை தாளை அவன் பக்கமே தள்ளினார். "என் வாக்கியத்தை எழுத வேண்டாம். உனக்கு எது உண்மையோ அதை எழுதிக் கையெழுத்துப் போடு" என்றார்.

நயினார் உட்கார்ந்தான். பேனாவை மையில் தொட்டு, ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் எழுதினான். தமிழில் அதன் பொருள் இது: "இந்தத் தாளில் உள்ள விடைகளை யாரிடமும் பெறவில்லை. இதை எழுதுகிற வாய்ப்பை மட்டும் ஒரு சிநேகிதனிடம் பெற்றேன். இது என் மானத்தின் மேல் ஆணை."

டென்பி துரை தாளைக் கையில் வாங்கி வாசித்தார். தெரிந்துகொண்டே, யார் அந்தச் சிநேகிதன் என்று கேட்டார். நயினார் என்னைக் காட்டினான்.